நீர் தொடங்கும் இடம்

திமிலைதீவு ஓடுபாதை பின்னால் நழுவிப் போக,
நூற்றுப்பத்து மீற்றரில்
இழுவைக் கயிறு அறுந்தது.
சத்தம் பெரிதில்லை,
சாக்குத் தைக்கிற ஊசி முறிகிற அளவு.

முன்னே போன விமானம்
சுமை இறக்கிய மாடு மாதிரித்
துள்ளி மேலேறிப் போனது.
எனக்கு எஞ்சின் இல்லை.
இருந்தது இரண்டு நீளச் செட்டையும்
ஒரு வாவியும்.

கிறுகாதே.
முதலில் படித்த பாடம் இதுதான்.
இந்த உயரத்தில் ஓடுபாதைக்குத் திரும்ப நினைத்தவர்கள்
ஓடுபாதைக்கு வந்து சேர்ந்ததில்லை.
கை கிறுகத்தான் பார்த்தது.
கையை வைதேன்.

வலது பக்கம் கண்டல்கள்
முழங்கால் மடக்கி நின்றன.
இடது பக்கம் இறால் கட்டின கம்புகள்.
நடுவில் நீளமாய், சும்மா, தண்ணீர்.

சில்லை இறக்கினேன்.
தண்ணீருக்குச் சில்லு எதற்கென்று
பிறகு பொலிசும் கேட்டது.
சில்லு முன்னே போய் அடியை வாங்கிக்கொள்ளும்,
மூக்கு கொஞ்சம் பிந்தி மூழ்கும்.
அந்தக் கொஞ்சத்துக்காக.

பரசூட் கொளுக்கியைக் கழற்றினேன்.
இருக்கைப் பட்டியை இன்னும் இறுக்கினேன்.
எதை அவிழ்ப்பது எதை இறுக்குவது
மாறிப் போகக் கூடாதென்று
இரண்டின் பெயரையும் உரக்கச் சொன்னேன்.

இவ்வளவுக்கும் பயம் வரவில்லை.
வந்தது வேறிடத்திலிருந்து.

கச்சான் இன்னும் எழும்பாத காலை.
மேலே ஒரு முகில், கீழே அதே முகில்.
இறங்குகிறேன், ஆனால் எதை நோக்கி?
எங்கே தொடங்குகிறேன் என்று
நீர் சொல்லவில்லை.
ஐந்து மீற்றரா, அரை மீற்றரா?
முந்தி மூக்கைத் தூக்கினால்
அந்தரத்தில் நின்று விழுவேன்.
பிந்தினால் குத்திக்கொண்டு போவேன்.

அப்போது தோணியில் நின்ற ஒருவர்
என்னைப் பார்க்காமல்,
மீனைத் தவிர எதையும் பார்க்காமல்,
வீச்சுவலையை விட்டெறிந்தார்.

வட்டமாய் விழுந்தது.
ஈயக்குண்டுகள் முகிலை உடைத்தன.
ஒரு வளையம்,
அதற்கு வெளியே இன்னொன்று.
தண்ணீருக்குத் தோல் வந்தது,
தோலுக்கு ஒரு தூரம் வந்தது.
மூக்கை உயர்த்தினேன்,
உயர்த்திப் பிடித்தேன்,
வேகம் செத்துச் செத்து
வால்தான் முதலில் தொட்டது.

பிறகு பச்சை.
உப்பும் சேறும் கலந்த பச்சை
கண்ணாடி மூடிக்கு வெளியே, என் தலைக்கு மேலே.
மூன்று எண்ணும் மட்டும் மூழ்கும்,
மறுகா தானாய் எழும் என்று சொல்லியிருந்தார்கள்.
சொன்னவர்களில் ஒருவரும் மூழ்கிப் பார்த்தவரில்லை.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
நாலில் எழுந்தது.

மூடியைத் தள்ளினேன்.
வெயில் அப்படியே இருந்தது,
ஒரு கொக்குக்கூட இடம் மாறவில்லை.

மீராலெவ்வை காக்கா தோணியை அணைத்தார்.
செட்டை நுனியை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.
“பைபரா?”
ஓம் என்றேன். பல் அடித்தது.
“எங்கட போட்டும் பைபர்தான். மிதக்கும் புள்ள.”

அதற்குப் பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.
நான் விழுந்த வெருட்சியில்
வலைக் கயிற்றை விட்டிருந்தார்.
அது அடியில் ஏதோ கட்டையில் மாட்டி
ஒரு முழம் கிழிந்து வந்தது.
“ஏழெட்டுத் திரளி நிண்டது,” என்றார்,
கோபமாய் இல்லை, கணக்காய்.

படிவத்தில் இறங்கிய இடம் கேட்டிருந்தது.
மீராலெவ்வையின் வலை விழுந்த இடத்துக்கு
முப்பது மீற்றர் இப்பால், என்று எழுதினேன்.
அதை வெட்டிவிட்டு
வாவி என்று எழுதினார்கள்.

வலைக் காசைக் கொண்டு
மூன்று தரம் காத்தான்குடித் துறைக்குப் போனேன்.
வேண்டாம் என்றார்.
நாலாம் தரம் வாங்கினார்,
எண்ணியும் பார்த்தார்.
நூறு ரூபாய் கூட இருந்ததாம்,
திருப்பித் தந்தார்.